முன்பக்க சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றிய பிறகு "டொக் டொக்" சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாலையோரம் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. என் வண்டியின் முன்பக்கம் மொத்தமாகத் தளர்ந்துவிட்டது என்று இரண்டு ஷாக் அப்சார்பர், மேலே வரும் ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பிடிக்கும் பாகம்), அதன் பேரிங், இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரப் பகுதியைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை), ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்து வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) புஷ் (அதைப் பிடித்திருக்கும் ரப்பர்), அந்த பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடு எல்லாவற்றையும் மாற்றினேன். எல்லாமே வெளிக் கம்பெனி பாகங்கள், ஒரிஜினல் இல்லை. பழைய அலைச்சல் போய்விட்டது, வண்டி நேராக ஓடுகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் மாற்றிய கொஞ்ச நாளிலேயே புதிதாக ஒரு சத்தம். மெதுவாகப் போகும்போது, 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில், சின்னச் சின்னக் குழிகளில் ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கினால் இடது பக்கத்திலிருந்து டொக் டொக் என்று கேட்கிறது. பெரிய வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஒன்றும் இல்லை. அது போக, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் சில நேரம் "டங்" என்று ஒரே ஒரு சத்தம். மெக்கானிக் லிங்க் ராடை மறுபடி மாற்றலாம் என்கிறார். ஏற்கெனவே ஒரு முறை மாற்றியும் பார்த்தாகிவிட்டது, சத்தம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

எட்டாம்நம்பர்:

வெளிக் கம்பெனி பாகம் போட்டால் இப்படித்தான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரிஜினல் போடுங்கள், சத்தம் போய்விடும்.

ஸ்பேனர்செட்:

எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம், அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒரே அளவு மேலே போனால் ஸ்டெபிலைசர் பார் தன் புஷ்ஷுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும், முறுகாது, லிங்க் ராடில் பாரமும் அதிகம் ஏறாது. ஒரு சக்கரம் மட்டும் மேலே போகும்போதுதான் பார் முறுகும், அந்த விசை முழுவதும் லிங்க் வழியாகப் போகும். அங்கே கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் அது மூடித் திறக்கும்போது டொக் என்று அடிக்கும். ஷாக் அப்சார்பரோ மவுண்ட்டோ தளர்ந்திருந்தால் வேகத்தடையிலும் கேட்டிருக்க வேண்டும். ஆகவே என் முதல் சந்தேகம் பார், லிங்க், பார் புஷ் இந்த மூன்றில்தான்.

இதைச் செலவே இல்லாமல் உறுதி செய்யலாம். இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வெளியே எடுத்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் போதாது. பாரின் முனைகள் எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, அதே சாலையில் அதே வேகத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும், அதனால் வேகம் வேண்டாம், சோதனை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் இந்த மூன்றில் ஒன்று என்று முடிவாகிவிடும். நிற்கவில்லை என்றால் இன்னொரு லிங்க் ராடு வாங்குவது வீண்.

லிங்க்கை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். நட்டை ஏர் கன் வைத்து இறுக்கினால் உள்ளே இருக்கும் பால் ஸ்டட்டும் (லிங்க் முனையில் உருண்டைத் தலையோடு வரும் திருகுத் தண்டு) சேர்ந்து சுற்றும். நட்டு இறுகிவிட்டது போலத் தெரியும், ஆனால் ஸ்டட்டின் தோள் பிராக்கெட்டில் முழுதாக உட்கார்ந்திருக்காது. ஸ்டட் முனையில் இருக்கும் ஆறுமுகக் குழியில் ஆலன் கீயை வைத்துப் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் கையால் இறுக்க வேண்டும். கழற்றும்போது பிராக்கெட்டில் ஸ்டட் நுழையும் துளையைச் சுற்றிப் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து பிறை வடிவில் பளபளவென்று இரும்பு தெரிந்தால் அது அங்கே அசைந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். புதிய லிங்க் போட்டும் சத்தம் போகவில்லை என்று வரும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்ப்பவர்கள் அதிகம். அப்படித் தூக்கினால் பார் முறுகி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் இருந்தாலும் கைக்குத் தெரியாது. சக்கரங்கள் இரண்டும் ராம்ப்பில் நிற்கும்போது கீழே போய் ஆட்டிப் பாருங்கள்.

கியர்பாக்ஸ்பிரியன்:

ஸ்பேனர்செட் சொன்னது சரி, லோயர் ஆர்மையும் மறக்க வேண்டாம். அதன் ரப்பர் புஷ் உள் குழாயோடு ஒட்டியே வரும், அது வழுக்கிச் சுற்றாது, முறுகித்தான் கொடுக்கும். வண்டி தூக்கில் இருக்கும்போது, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரமே கிழியும். வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். எந்தக் கம்பெனி புஷ் என்றாலும் இதுதான் விதி. உங்கள் மெக்கானிக் எப்படி இறுக்கினார் என்று கேளுங்கள்.

ஆர்ம் புஷ் சத்தத்துக்குத் தனி அடையாளம் உண்டு. ரிவர்ஸில் வந்து பிரேக் போட்டு, உடனே முன்னால் எடுத்துப் பிரேக் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு "கடக்" வரும். உங்களுக்கு வருகிறதா?

பால் ஜாயிண்ட்டையும் பார்த்துவிடுங்கள். சக்கரம் காற்றில் இருக்க, அது இணைக்கும் ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) நடுவில் லிவர் கம்பியை வைத்து நெம்புங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் சத்தம்தான், பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். சோதிக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள்.

மேடுபள்ளம்:

பிரேக்கையும் ஒரு நிமிடம் சந்தேகப்படுங்கள். சத்தம் வரும் இடத்தில் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டுங்கள். சத்தம் நின்றால் பேட் கிளிப் அல்லது காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பின் காரணமாக இருக்கலாம். சஸ்பென்ஷன் வேலைக்காகக் காலிப்பரைக் கழற்றியவர்கள் கிளிப்பைச் சரியாக மாட்டாமல் விடுவது உண்டு.

ஸ்பேனர்செட்:

எட்டாம்நம்பர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. கேஒய்பி, சாக்ஸ், லெம்ஃபோர்டர் போன்ற கம்பெனிகள் கார் கம்பெனிகளுக்கும் பாகம் கொடுக்கிறார்கள், தங்கள் சொந்தப் பெட்டியில் வெளியிலும் விற்கிறார்கள். ஆகவே வெளிப் பாகம் என்றாலே மட்டம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் மலிவுப் பாகங்களில் அளவு அரை மில்லி, ஒரு மில்லி மாறும், ரப்பர் கடினமாக இருக்கும் அல்லது சீக்கிரம் வெடிக்கும், இதுவும் உண்மைதான். எந்தப் பாகம் என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றை மட்டும் நல்லதாக வாங்குவதுதான் நியாயம். தவறாக மாட்டினால் ஒரிஜினலும் சத்தம் போடும்.

அந்த "டங்" வேறு கதை. ஸ்டியரிங் திருப்பும்போது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழல வேண்டும், அதற்குத்தான் மேலே பேரிங். பேரிங் இறுகிப் பிடித்தாலோ கோணலாக உட்கார்ந்தாலோ ஸ்பிரிங் முறுகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் விடுபடும், அப்போது டங். ஒருவரை ஸ்டியரிங் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை லேசாக வைத்துப் பாருங்கள், விரல்களைச் சுற்றுகளுக்கு இடையில் விட வேண்டாம். சீராகச் சுழல்கிறதா, நின்று நின்று குதிக்கிறதா என்று கையிலேயே தெரியும். ஸ்பிரிங்கின் கீழ் முனை, அது உட்காரும் தட்டில் இருக்கும் படியை ஒட்டி நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

சாலையோரம்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன். ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டால் சத்தம் இல்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு போனாலும் டொக் டொக் மாறவில்லை. இரண்டு லிங்க் ராடையும் கழற்றி ஓட்டினேன், சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.

லிங்க்கில் ஆட்டம் எதுவும் இல்லை, துளையிலும் தேய்மானம் இல்லை. அதனால் பார் புஷ்ஷைத் திறந்தோம். இடது புஷ்ஷுக்குள் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது, பாரை நெம்பினால் உள்ளே மேலும் கீழும் அசைகிறது. வெர்னியர் வைத்து அளந்தால் பார் 22 மில்லி, புஷ்ஷின் பெட்டியில் 24 என்று அச்சிட்டிருக்கிறது! இதே மாடலில் இரண்டு கனத்தில் பார் வந்திருக்கிறது போல, கடையில் மாடல் பெயரை மட்டும் கேட்டுக் கொடுத்துவிட்டார்கள். 22 மில்லி புஷ் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தேன், இடது பக்கம் குதிக்கிறது. அந்த ஸ்ட்ரட்டை இறக்கப் போகிறோம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்பேனர்செட்:

அருமையாகப் பிடித்துவிட்டீர்கள். இடதில் தேய்ந்திருந்தாலும் புஷ்ஷை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பாரில் புஷ் உட்காரும் இடத்தில் துரு இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மாட்டுங்கள். சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப் பாழாகிவிடும். தேவைப்பட்டால் சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம், அது இல்லாமல் மேல் நட்டைத் தொடக்கூடாது, ஸ்பிரிங் பறந்தால் ஆளையே அடித்துவிடும். பேரிங் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பாருங்கள், தலைகீழாகப் போட்டாலும் சில மாடல்களில் உட்கார்ந்துவிடும். திரும்ப மாட்டும்போது மேல் நட்டுக்கு ஏர் கன் வேண்டாம், ராடு உள்ளே வேகமாகச் சுற்றினால் ஆயில் சீல் போய்விடும். ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

சாலையோரம்:

சரி, அப்படியே செய்யச் சொல்கிறேன். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டுமா?

கியர்பாக்ஸ்பிரியன்:

பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இரண்டு போல்ட் துளையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அதிலேயே கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். கழற்றுவதற்கு முன் போல்ட் தலையைச் சுற்றி பெயின்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தால் ஏறக்குறைய பழைய இடத்திலேயே மாட்டலாம், அலைன்மென்ட் கடை வரை வண்டி இழுக்காமல் போகும்.