கிளவுட் விஎம்மில் நெக்ஸ்ட்கிளவுட்: பெரிய ஃபைல் ஏறவில்லை

மஞ்சக்குப்பம்வாசி:
கடலூரில் கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில், தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்று ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் பரண் மேல் ஏற்ற வேண்டியதாயிற்று. இனி ஊர் மக்களின் படங்களைக் கடையில் மட்டும் வைப்பதில்லை என்று மும்பை ரீஜியனில் ஒரு விஎம் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் கணினி) எடுத்து, உபுண்டு இயங்குதளம், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ் போட்டு, நம் சர்வரிலேயே ஃபைல்களைச் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளை நிறுவியாயிற்று. ஐபி கொடுத்தால் லாகின் வருகிறது, டொமைன் கொடுத்தால் நம்பகமில்லாத டொமைன் என்கிறது. பாதுகாப்பான இணைப்புக்கான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் கேட்டால் டைம் அவுட், இத்தனைக்கும் உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவில் 80, 443 போர்ட்டுகள் இரண்டும் திறந்திருக்கின்றன. சின்னப் படம் ஏறுகிறது, கேமராவின் பெரிய ரா ஃபைல் போட்டால் 413 பிழை (அனுப்பியது மிகப் பெரியது). எங்கே பார்ப்பது?

லாஸ்பேட்டை_அட்மின்:
சார், மூன்றும் வேறு வேறு. விஎம்முக்கு வெளியே கிளவுட் கன்சோலில் இன்னொரு ஃபயர்வால் இருக்கும், அங்கேயும் 80, 443 எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்; உங்கள் கடை ஐபிக்கு மட்டும் திறந்திருந்தால் உங்களுக்கு லாகின் வரும், சான்றிதழ் வராது. டொமைனை நெக்ஸ்ட்கிளவுட்டின் கான்ஃபிக் ஃபைலில் டிரஸ்டட் டொமைன்ஸ் பட்டியலில் சேருங்கள். 413 வருவது என்ஜின்எக்ஸிலிருந்து, அதன் இயல்பான வரம்பு வெறும் 1 எம்பி; அதன் அமைப்பில் கிளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸை 512 எம்பி ஆக்கி ரீலோட் செய்யுங்கள், நெக்ஸ்ட்கிளவுட் ஓடும் பிஎச்பியின் அப்லோட் வரம்பும் 2 எம்பிதான், அதையும் ஏற்றிவிடுங்கள்.

நெய்வேலி_லினக்ஸ்:
படங்கள் எந்த டிஸ்க்கில் விழுகின்றன? விஎம்மின் பூட் டிஸ்க்கில் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) என்றால் இப்போதே தனி வால்யூம் (விஎம்மில் மாட்டும் கூடுதல் கிளவுட் டிஸ்க்) வாங்கி மாற்றிவிடுங்கள், நிறையப் படம் ஏறிய பிறகு டேட்டா டைரக்டரியை (படங்கள் இருக்கும் ஃபோல்டர்) நகர்த்துவது பெரிய தலைவலி. விஎம் கெட்டுப்போனாலும் வால்யூமைக் கழற்றி வேறொன்றில் மாட்டிக்கொள்ளலாம். விலை குறைவு என்று ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜை (டிஸ்க்காக இல்லாமல் தனிச் சேவையாகக் கிடைக்கும் கிளவுட் சேமிப்பு) முதன்மை இடமாக வைக்க யோசித்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே ஃபைல்கள் வெறும் எண்ணாகத்தான் கிடக்கும், எது யாருடைய கல்யாணம் என்பது டேட்டாபேஸில்தான் இருக்கும். அது போனால் படம் இருந்தும் இல்லாத மாதிரிதான். வால்யூமில் அசல் பெயரோடு இருக்கும் என்பதால் உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

மஞ்சக்குப்பம்வாசி:
கன்சோல் ஃபயர்வால்தான் சார்! திறந்ததும் சான்றிதழ் வந்துவிட்டது, வரம்புகளை ஏற்றியதும் ரா ஃபைலும் ஏறுகிறது. வால்யூம் வாங்கியாயிற்று. டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) மட்டும் தினமும் கடை டிஸ்க்குக்கு இறக்கினால் போதுமா?

நெய்வேலி_லினக்ஸ்:
போதாது, படங்களும் சேர்ந்து வர வேண்டும். இரவில் மெயின்டனன்ஸ் மோட் (யாரும் பயன்படுத்த முடியாதபடி நிறுத்திவைப்பது) போட்டு டம்பையும் கான்ஃபிக் ஃபைலையும் எடுங்கள், படங்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் இறக்குங்கள், புதிதாக வந்தவையும் மாறியவையும் மட்டும்தான் ஒவ்வொரு முறையும் வரும். அப்புறம் மாதம் ஒருமுறை வேறொரு விஎம்மில் அதை மீட்டுப் பாருங்கள்.