பழைய டிராக்டர், புது டிராக்டர்: ஏக்கருக்கு எவ்வளவு டீசல்?

மணிக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் பார்த்தால் பழைய டிராக்டர்தான் ஜெயிக்கும். எங்களிடம் இரண்டும் உண்டு. சாதா டீசல் பம்பு வைத்தது ஒன்று, காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில், கணினிக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் முறை) இன்ஜின் வைத்தது ஒன்று. குதிரைத்திறன் ஏறக்குறைய சமம். ஆனால் பழையது உழவில் மெதுவாகப் போகும், அதனால் மணிக்கணக்கில் செலவு குறைவாகத் தெரியும். ஏக்கர் கணக்குதான் சரியான கணக்கு. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரே வயலை இரண்டாகப் பிரித்து, ஒரே கலப்பையால் ஒரே ஆழத்தில் உழுது, சமதரையில் நிறுத்தி மறுபடி நிரப்பி அளந்தோம். கனமான உழவில் புதியதுக்கு நல்ல மிச்சம்.

லேசான டிரெய்லர் ஓட்டத்தில் அந்த மிச்சம் காணாமல் போனது. பெரிய இன்ஜினை முழு ஆர்பிஎம்மில் சும்மா சுழற்றினாலே, உள் உராய்வுக்கென்று டீசல் போகும். மேல் கியருக்கு மாற்றி ஆக்ஸிலரேட்டரைக் குறைத்ததும் இரண்டு வண்டியிலுமே செலவு இறங்கியது. கரும்புகை வந்தாலோ இன்ஜின் திணறினாலோ உடனே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். ரோட்டவேட்டருக்கு இந்த வழி சரிப்படாது, பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் டிராக்டரின் பின்தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். குறைந்த ஆர்பிஎம்மிலேயே அந்தச் சுற்றைத் தரும் எகானமி பி.டி.ஓ. இருந்தால், லேசான வேலைக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1920 முதல் டிராக்டர்களைச் சோதிக்கிறார்கள். அந்த அறிக்கைகளில், முழுத் திறனில் இழுக்கும் இழுப்பில் 75% அளவுக்கு, முழு ஆர்பிஎம்மில் ஒரு டீசல் கணக்கும், குறைத்த ஆர்பிஎம்மில் ஒரு கணக்கும் இருக்கும். வாங்கும் முன் இரண்டையும் பார்ப்பது நல்லது.

மறுமொழி:

அண்ணா, என் அனுபவமும் இதேதான். கூடவே ஒன்று சொல்கிறேன். என் பழைய வண்டிக்கு நாசில், பம்பு டைமிங் பார்த்து, ஏர் ஃபில்டரையும் மாற்றிய பிறகு ஏக்கர் செலவு நன்றாகவே குறைந்தது. அப்புறம் சக்கர வழுக்கல். கெட்டி மண்ணில் 10% அளவிலும், பொலபொலப்பான மண்ணில் 15%க்குள்ளும் இருந்தால் சரி. அதைத் தாண்டினால் புது வண்டியானாலும் டீசல் வீண்தான். எடை, டயர் காற்று இரண்டையும் முதலில் பாருங்கள். புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் ஊற்றும் வண்டி என்றால் அந்தச் செலவையும் சேருங்கள். டீசல் அளவில் சுமார் 3 முதல் 5% வரை அது போகும். வருடத்தில் கொஞ்ச மணி நேரமே ஓடும் வண்டிக்கு, டீசல் மிச்சத்தை மட்டும் நம்பிப் புதியது வாங்க நான் சொல்ல மாட்டேன்.