எக்செலில் காற்புள்ளி இடம் மாறுகிறது, எடை ஆயிரம் மடங்காகிறது: விண்டோஸ் வட்டார அமைப்பு பற்றிய ஐயம்

செம்பனைக்கணக்கு (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலை விற்பனைக் கணக்கை எக்செலில் எழுதி வருகிறேன். மடிக்கணினியில் தமிழ்த் தட்டச்சு வசதியைச் சேர்த்துத் தந்தவர், விண்டோஸின் வட்டார வடிவத்தையும் ‘தமிழ் (இந்தியா)’ என்று மாற்றியிருக்கிறார். அதன்பின் 345,678.50 என்றிருந்த தொகை 3,45,678.50 என்று தெரிகிறது. புதிதாக நாணய வடிவம் கொடுக்கும் கட்டங்களில் ரிங்கிட்டுக்குப் பதிலாக ரூபாய்க் குறி வந்து நிற்கிறது. இதைவிடக் கவலை தருவது, சங்கத்தின் இன்னொரு கணினியில் ஆலையின் எடைமேடைக் கோப்பைத் திறக்கும்போது 12.345 டன் என்ற எடை பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து ஆகிவிடுவதுதான். அக்கணினியின் வட்டார வடிவம் ‘மலாய் (புருணை)’ என்று காட்டுகிறது. தமிழ்த் தட்டச்சை இழக்காமல் இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

விசைப்பலகை_பேரா:
ஐயா, விசைப்பலகையும் வட்டார வடிவமும் விண்டோஸில் தனித்தனி அமைப்புகள். ஒன்றை மாற்றுவதால் மற்றொன்று போய்விடாது என்பதால் தட்டச்சைப் பற்றி அஞ்ச வேண்டாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து, ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’ பகுதியில் ‘லேங்குவேஜ் அண்ட் ரீஜன்’ என்பதற்குள் சென்று, ‘ரீஜனல் ஃபார்மெட்’ என்ற இடத்தில் ‘ஆங்கிலம் (மலேசியா)’ அல்லது ‘மலாய் (மலேசியா)’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்செலை மூடித் திறந்தால் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிவதைக் காண்பீர்கள். பிறகும் பிரிப்பு மாறவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’, அதில் ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ என்று சென்று, ‘டிஜிட் குரூப்பிங்’ வரியில் 123,456,789 என்ற மாதிரியைக் கையால் தேர்ந்தெடுக்கலாம்.

நெடுங்கணக்கு:
மேலே சொன்னது முதல் கணினிக்குப் போதும். இரண்டாவதில் நடப்பது வேறு வகை. அதைத்தான் உடனே கவனிக்க வேண்டும். மலேசியாவில் புள்ளி தசமத்தைக் குறிக்கிறது. புருணை மலாய் அமைப்பிலும் இந்தோனேசிய அமைப்பிலும் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கிறது, காற்புள்ளிதான் தசமம். மலாய் மொழிப் பட்டியலில் புருணையும் மலேசியாவும் அடுத்தடுத்து நிற்பதால், முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுத்துவிடுவது எளிது.

முதல் கணினியில் எண்ணின் மதிப்பு மாறவில்லை, தோற்றம் மட்டுமே மாறியது. ஆகவே அமைப்பைத் திருத்தியதும் இலக்கப் பிரிப்பு பழையபடி ஆகிவிடும். எடைக் கோப்பிலோ, எழுத்தாக வந்த 12.345 என்பதை எக்செல் உள்ளே வாங்கும் நொடியிலேயே 12345 என்ற எண்ணாக்கிச் சேமித்துவிடுகிறது. அப்படிச் சேமித்த கோப்பை, வட்டார வடிவத்தை மாற்றிய பின் திறந்தாலும் 12345 ஆகவே இருக்கும். ஆலை அனுப்பிய மூலக் கோப்பிலிருந்து மீண்டும் ஏற்றுவது ஒன்றே நம்பத்தக்க வழி. எல்லா வரியையும் ஆயிரத்தால் வகுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். தவறாக ஏறியவை எவை, சரியாக ஏறியவை எவை என்று பிரித்தறிய முடியாத நிலை வரும். குலைக்குரிய பணம் எடையை வைத்தே தரப்படுகிறது என்பதால், இதில் ஊகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அக்கணினியின் அமைப்பை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லையென்றால், எக்செலின் ஆப்ஷன்ஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குச் சென்று, ‘யூஸ் சிஸ்டம் செப்பரேட்டர்ஸ்’ என்பதன் குறியை நீக்கி, தசமத்துக்குப் புள்ளியையும் ஆயிரத்துக்குக் காற்புள்ளியையும் நீங்களே இடலாம். இது எக்செலை மட்டுமே கட்டுப்படுத்தும். சிஎஸ்வி கோப்பில் (தரவு வெறும் எழுத்தாக வரும் கோப்பு) பத்திகளைப் பிரிக்கும் குறி ‘லிஸ்ட் செப்பரேட்டர்’ என்ற தனி அமைப்பு. தசமம் காற்புள்ளியாக உள்ள வட்டாரங்களில் அது பெரும்பாலும் அரைப்புள்ளியாக இருப்பதால், ஒரு வரி முழுவதும் ஒரே கட்டத்தில் குவிந்தால் அங்கே பாருங்கள்.

செம்பனைக்கணக்கு:
மிக்க நன்றி. மூலக் கோப்புகள் என்னிடம் உள்ளன, மீண்டும் ஏற்றுகிறேன். மூத்த உறுப்பினர் சிலர் ஆண்டுத் தொகையை இலட்சக் கணக்கில் பிரித்துப் பார்க்கவே விரும்புகின்றனர். அவர்களுக்கான ஒரு தாளில் மட்டும் அப்படிக் காட்ட இயலுமா?

நெடுங்கணக்கு:
இயலும். வட்டார வடிவத்தைத் தொடாமல், அந்தத் தாளின் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மெட் செல்ஸ்’ சாளரத்தின் ‘கஸ்டம்’ பகுதியில் இதை அப்படியே ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

345678.5 என்ற மதிப்பு 3,45,678.50 என்று தெரியும், உள்ளிருக்கும் எண் மாறாது. கழித்தல் குறியுள்ள தொகைகளுக்கு இது பொருந்தாது, அவை மூன்று இலக்கப் பிரிப்பிலேயே நிற்கும். ஆகவே கடன் பத்தியில் இடாதீர்கள். கணக்காய்வாளருக்குச் செல்லும் தாளையும் மலேசிய வடிவிலேயே விட்டுவிடுங்கள்.