கட்டடம் படிக்கிற பிள்ளைக்குத் தறி எதற்கு? (மலேசியா, சுங்கை சிப்புட் உரையாடல் குழு)

தகரக்கூரை:
உள்ளக வடிவமைப்பு டிப்ளோமாவில் ஒரு செமஸ்டர், 14 வாரம், முழுக்கத் துணிப் பாடமாம். சின்னத் தறியில் நெய்யணும், துண்டுத்துணி ஒட்டி ஆல்பம் போடணும். தோட்டத்துப் பிள்ளைகள் கடன் வாங்கிப் படிப்பது இதுக்கா? திரைச்சீலைக் கணக்கைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் பீம், கழிவுநீர்க் குழாய், ஒயரிங் படிக்கட்டும்.

பாவு_ஊடை:
கடைக்காரர் பார்த்துக்கொள்வாரா? கணக்குப் போடுங்க தம்பி. திரைக்கம்பி 2.4 மீட்டர். மடிப்புக்கு இரட்டிப்பு, 4.8. துணி அகலம் 1.4 என்றால் 3.43 வரும், ஆக 4 நீளம் வெட்டணும். உயரம் 2.4, மேலும் கீழும் மடிக்க 30 செ.மீ., ஆக ஒரு நீளம் 2.7. மொத்தம் 10.8 மீட்டர்.

இப்போ அதே அகலத்தில் 64 செ.மீ.க்கு ஒருமுறை பூ திரும்ப வரும் துணியை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கிறார். இணைப்பில் பூ பொருந்த, ஒவ்வொரு நீளமும் 64-இன் மடங்காக வரணும்: 3.2. மொத்தம் 12.8. ஒரு சன்னலுக்கு 2 மீட்டர் ஏறிப்போச்சு. எட்டுச் சன்னல் வீட்டுக்கு 16 மீட்டர். விலைப்பட்டியலில் கையெழுத்து விழுந்த பிறகு இதைக் கடைக்காரர் சொன்னால் யார் கட்டுவது?

தகரக்கூரை:
அது அரை நாள் பாடம் அண்ணே. தறி எதுக்குன்னு இன்னும் சொல்லலையே?

பாவு_ஊடை:
தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், விறைப்பாக நிற்கும்; ஊடை, அதாவது குறுக்கு நூல், அதற்கு மேலும் கீழும் வளைந்து போகும். அந்த வளைவு நிமிர இடம் இருப்பதால், பொதுவாக ஊடைப்பக்கம் துணி அதிகம் நீளும். மூலைவாட்டில் இழுத்தால் சதுரமே சாய்ந்துவிடும். துணிக்கூரை போடுகிறவர்கள் இழுவையில் நீளப்போகும் அளவை முன்கூட்டியே கழித்துத்தான் வெட்டுவார்கள். பாவுக்கு ஒரு கழிவு, ஊடைக்கு வேறு கழிவு.

இரவுச் சந்தையில் கான்வாஸைத் தட்டையாகக் கட்டினால் என்ன ஆகும்? நடுவில் தண்ணீர் தேங்கும், கனத்தில் துணி தாழும், தாழ்ந்த இடத்துக்கு இன்னும் தண்ணீர் ஓடிவரும். எதிரெதிர் மூலை இரண்டை உயர்த்தி, மற்ற இரண்டைத் தாழ்த்திக் கட்டினால் வடிந்துவிடும். கட்டமைப்புப் பாடம்தானே இது?

அஞ்சடித் தையல்:
ரெண்டு பேரும் ஆல்பத்தை விட்டுட்டீங்க. வினையே அதுதான். 10 செ.மீ. துண்டுல வெல்வெட் என்னா தெரியும்? முடி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். ஒரு மெத்தையை மேல்நோக்கி, பக்கத்து மெத்தையைக் கீழ்நோக்கி வெட்டினா ஒரே ரோல் துணி ரெண்டு நிறமாத் தெரியும். வரைபடத்துல அம்புக்குறி போட எந்தப் பிள்ளைக்கும் தோணுறதில்ல.

'மார்ட்டிண்டேல் 40,000'னு மட்டும் கொட்டை எழுத்துல எழுதிட்டு வருவாங்க. அது துணி எத்தனை உரசல் தாங்கும்னு சோதிச்ச எண், அவ்வளவுதான். மேற்கு வெயில்ல சாயம் வெளுக்குமா, நம்ம ஊர் ஈரத்துல பூஞ்சை பிடிக்குமான்னு சொல்லாது. பருத்தியைத் துவைச்சு எடுக்காம தச்சு, 3 விழுக்காடு சுருங்கினாலே 2.4 மீட்டர்ல 7 செ.மீ. போச்சு. தரையைத் தொட்ட திரை கணுக்காலுக்கு ஏறிடும்.

தகரக்கூரை:
பார்த்தீங்களா, எல்லாம் கடை அறிவு! இன்னொன்று. 'கனமான திரை போட்டால் சத்தம் குறையும்' என்று தகரக்கூரை வீட்டுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். மழை விழுவது தலைக்கு மேலே. சன்னல் திரை என்ன செய்யும்?

பாவு_ஊடை:
அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். திரை அறைக்குள் உள்ள எதிரொலியைத்தான் குடிக்கும். வெளியே இருந்து வரும் சத்தத்தை நிறுத்த எடையும் அடைப்பும் வேணும். ஆனால் எங்கே தொங்கவிடுவது என்பதில் விஷயம் இருக்கு. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 68 செ.மீ.; அதில் கால் பங்கு, 17 செ.மீ., சுவரை விட்டுத் தள்ளினால் அந்த ஒலியை நன்றாகப் பிடிக்கும். சுவரோடு ஒட்டினால் பாதிப் பணம் வீண்.

நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ், ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் பட்டத்துக்காக 1930-இல் கொடுத்தது இப்படி ஒரு சுவர்த்துணிதான், அதே நாட்டில் பெர்னாவ் ஊர்த் தொழிற்சங்கப் பள்ளி அரங்கத்துக்கு. ஒரு முகத்தில் செலோஃபேன் என்ற பளபளப்புத் தாள், ஒளியைத் திருப்ப. மறுமுகத்தில் ஷெனீல் என்ற மெத்தென்ற மயிர்நூல், ஒலியை உறிஞ்ச. தறி தெரியாதவருக்கு ஒரே துணியில் இரண்டு வேலை தோன்றுமா?

தகரக்கூரை:
அவர் பல வருஷம் தறியில் உட்கார்ந்தவர் அண்ணே. 14 வாரத்தில் அது வராது. தறிக்கு இரண்டு வாரம் கொடுங்க, மீதி வெயில், தண்ணீர், தீ, கணக்கு என்று போகட்டும். அப்படின்னா எனக்கு மறுப்பில்லை.

பாவு_ஊடை:
இரண்டு வாரத்தில் பாவு கட்டவே கை பழகாது. நாலு.

அஞ்சடித் தையல்:
நாலோ ரெண்டோ, அதுல ஒரு நாள் பழைய சோபாவைப் பிரிக்கச் சொல்லுங்க. நடுவுல நல்லா இருக்கும், முன்விளிம்புல கயிறு வச்சுத் தைச்ச பைப்பிங்தான் முதல்ல நைஞ்சிருக்கும். ஏன்னு அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.