பட்டறிவா, பகுத்தறிவா: எதை நம்புவது?

தாமரைக்குளம்:
எது உண்மை, எது சரி என்று சொல்ல, களத்தில் நின்றவருக்கே உரிமை. 1971இல் மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் வங்கதேச அகதிகள் காலராவில் மடிந்துகொண்டிருந்தார்கள். மலமும் வாந்தியும் கிடந்த தரையில் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்ற வேண்டும். அதுவும் தீரும் நிலை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. கண்ணால் கண்ட பிறகு தர்க்கம் எதற்கு?

வார்டு நர்ஸ்:
நான் 14 வருடமாகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பாட்டி எட்டு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. முந்தின நாளிலிருந்து தண்ணீரே கொடுக்கவில்லை. "குடிச்சா இன்னும் போகுதும்மா, நானே பார்த்தேன்" என்றார். ஐந்து பிள்ளை வளர்த்தவர், அவர் பார்த்தது பொய்யில்லை. முடிவுதான் தப்பு. குளுக்கோஸ் துணையோடு உப்பு குடல் சுவர் வழியாக உடம்புக்குள் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். அது எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

கடலோடி:
அக்கா சொல்வதுதான் சரி. குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து போகும் வழியை அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் ராபர்ட் கிரேன் 1960இலேயே விளக்கிவிட்டார். 1968இல் டாக்காவில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். மஹலானபிஸ் இதையெல்லாம் தெரிந்தவர். அதே இரக்கத்தோடு வெறும் தண்ணீரைக் கொடுத்திருந்தால் அத்தனை பேர் பிழைத்திருப்பார்களா?

தாமரைக்குளம்:
சரி, அறிவு இருந்தது. மூன்று வருடம் இருந்தும் பல டாக்டர்கள் நரம்பில் ஏற்றுவதுதான் வைத்தியம் என்று பிடிவாதமாக இருந்தார்களே! அந்த மண்டியிட்ட மனிதருக்குத்தானே இனி காத்திருப்பது தப்பு என்று பட்டது? அக்கா, உங்கள் விளக்கத்தைக் கேட்டா அந்தப் பாட்டி மனம் மாறினார்?

வார்டு நர்ஸ்:
இல்லை தம்பி. ஸ்பூன் ஸ்பூனாக ஓஆர்எஸ் என்ற அந்த உப்பு-குளுக்கோஸ் கரைசலைக் கொடுத்து, சாயங்காலம் பேரன் சிறுநீர் கழித்த பிறகுதான் நம்பினார். ஆனால் ராத்திரி ஒரு தடவை வாந்தி எடுத்ததும் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும் என்பதை அவர் கண் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். கூடவே உட்கார்ந்து, முதல் ஸ்பூனை நானே கொடுத்தேன்.