மறு: எஞ்சின் ‘சீஸ்’ (seize) என்பதற்கு ஒரு சொல் போதாது

> ‘முடக்கம்’ என்றே போட்டுவிடலாம். எஞ்சின் முடங்கிவிட்டது என்றால் யாருக்கும் புரியும்.

குழுவினர்க்கு வணக்கம். எஞ்சினுக்குள் பிஸ்டன் அசையாமல் இறுகிப்போவதை ஆங்கிலத்தில் ‘சீஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘முடக்கம்’ போதும் என்ற நண்பருக்கு என் பதில் இது.

புரியும், சந்தேகமில்லை. ஆனால் பெட்ரோல் தீர்ந்தாலும் வண்டி முடங்கும், பிளக்கில் கரி அடைத்தாலும் முடங்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை மறுபடி ஓட வைக்கும் கையேட்டுக்குத்தானே சொல் தேடுகிறோம்? அங்கே முதல் கேள்வியே வேறு: நின்ற வண்டி இறுகியதா, ஓடிய வண்டி பிடித்துக்கொண்டதா? ஆங்கிலத்தில் இரண்டும் சீஸ்தான். அந்தக் குழப்பத்தை நாமும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. காரைக்குடிப் பட்டறைகளில் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறார்கள். கிக்கர் இறங்காவிட்டால் ‘ஜாம்’. ஓட்டத்தில் நின்றால் ‘பிஸ்டன் பிடிச்சிருச்சு’. ஆகவே எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

முதல் வகை நம் பக்கத்துக்குப் பழக்கமானது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டுமே திறக்கிற வீடுகள் உண்டல்லவா. அப்படி ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில் ஜாவாவோ ராஜ்தூத்தோ சாக்குப் போர்த்தி நிற்கும். இவ்வகை டூ ஸ்ட்ரோக்கில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் போல மூடித் திறக்கும் வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் வாசல்கள்தான். பிஸ்டன் கீழே இறங்கிய நிலையில் வண்டியை நிறுத்தியிருந்தால் புகைவாசல் திறந்தே கிடக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்று சைலன்சர் வழியாக நேரே உள்ளே போகும். ஜாவா 250-இன் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டனைச் சுற்றிய வளையமான ரிங்கும் வார்ப்பிரும்பு. நடுவில் துரு ஏறி இரண்டையும் ஒட்டிவிடும். (உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இருக்கிற ஊர் இது. துருவுக்கென்று தனிச்சொல் கேட்பதில் நமக்கென்ன கூச்சம்?)

இதற்கு ‘துருக்கட்டு’ என்று முன்மொழிகிறேன். நீர்க்கட்டு, பால்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு. ஓட வேண்டியது ஓடாமல் நிற்பது; இளக்கினால் இளகுவது. வைத்தியமும் அதற்கேற்றதுதான். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் கட்டு விடும். கிக்கர் மேல் ஏறி மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் அசையாது, உள்ளே கிக்கர் பல்தான் போகும்.

இரண்டாவது வகைக்கு ஊறப்போடும் வைத்தியம் உதவாது. பிஸ்டன் அலுமினியம், சூடேறினால் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். நடுவில் ஆயில் படலம் இருக்கும்வரை பிழைப்பு ஓடும். அது அறுந்தால் அலுமினியம் சுவரில் அப்பிக்கொண்டு, போகிற போக்கில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இந்த வண்டிகளில் பிஸ்டனுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். ஜாவா, எஸ்டி என்றால் லிட்டருக்கு 40, 50 மில்லி கலப்பார்கள். கலக்க மறந்தால் ஆபத்து, காற்று கூடிக் கலவை மெலிந்தாலும் ஆபத்து. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில், பெரும்பாலும் புகைவாசல் பக்கமாக, நெட்டுக் கோடுகள் தெரியும். இதை ‘கவ்வல்’ எனலாம். கவ்வியது தடம் விட்டுத்தானே போகும்? மேலோட்டமான அப்பலைத் தேய்த்தெடுக்கலாம். கோடு ஆழமென்றால் சிலிண்டரை உட்புறம் கடைந்து (‘போர்’ பண்ணி) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் வழி.

இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம், ஒன்று மற்றொன்றைக் கூட்டி வரும் என்பதே. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸ்தான் பம்பு. கலவையை உள்ளிழுப்பதும் மேலே தள்ளுவதும் அது. வருஷக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் கிராங்க்கின் ரப்பர் ஆயில் சீல் காய்ந்து விறைத்திருக்கும். அந்த இடுக்கில் காற்றை உறிஞ்சும், கலவை மெலியும், சூடேறும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டை அப்படியே விட்டால் மெலிவு இன்னும் கூடும். துருக்கட்டு விட்ட சந்தோஷத்தில் சீலை மாற்றாமல் திருப்பத்தூர் ரோட்டில் விரட்டினால், பிள்ளையார்பட்டி தாண்டுவதற்குள் கவ்வல் வரலாம். ‘முடக்கம் சரிசெய்யப்பட்ட பின் முடக்கம் ஏற்படலாம்’ என்று கையேட்டில் எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

– காரைக்குடியிலிருந்து

---

> இதை ‘கவ்வல்’ எனலாம்.

அண்ணே, துருக்கட்டு பிரமாதம். கவ்வல்லதான் இடிக்குது. பிரேக் நல்லா இருந்தா எங்க பட்டறையில “சூப்பரா கவ்வுது”ன்னு சொல்லுவோம். அங்க அது பாராட்டு, இங்க கோளாறா? புதுசா வேலைக்கு வர்ற பையன் குழம்பிருவான்.

இன்னொண்ணு. கிராங்க் கேஸ்ல தண்ணி இறங்கி பேரிங் துருப்பிடிச்சாலும் கிக்கர் இறங்காது. அதுவும் துருக்கட்டுதானா? மேல ஆயில் ஊத்தி ஆட்டி ஆட்டி அசைய வச்சிரலாம்தான். ஆனா குழி விழுந்த பேரிங் குழி விழுந்ததுதான், ஓடுறப்ப கரகரன்னு கத்தும். கிராங்க்கைப் பிரிச்சே ஆகணும். ஒரே பேரை வச்சா, அசைஞ்சிருச்சுல்லன்னு அப்படியே மூடிருவாங்க.

– தேவகோட்டை

---

தம்பி, பிரேக் விஷயம் நியாயம். தலைப்புச் சொல்லாக ‘பிஸ்டன் கவ்வல்’ என்றே வைப்போம். தனியாகக் ‘கவ்வல்’ வேண்டாம். பேரிங்குக்கு மூன்றாவது சொல் தேடப் போவதில்லை. இடத்தைச் சேர்த்துச் சொன்னால் போதும். கையேட்டில் இப்படிப் போடலாம்:

ரிங் துருக்கட்டு: நின்ற வண்டியில் ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டுதல். ஊறவைத்து இளக்கலாம். இளகிய பிறகு சிலிண்டரைக் கழற்றி ரிங்கைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பட்டறை வழக்கு: ஜாம்.

பேரிங் துருக்கட்டு: கிராங்க் பேரிங் துருப்பிடித்து இறுகுதல். அசைந்தாலும் கிராங்க்கைப் பிரித்தே தீர வேண்டும்.

பிஸ்டன் கவ்வல்: ஓட்டத்தில் சூட்டால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்தல். பட்டறை வழக்கு: பிடிச்சிருச்சு, சீஸ்.

‘முடக்கம்’ சொன்ன நண்பருக்கு: அந்தச் சொல்லை வண்டி கிளம்பாத எல்லாக் கோளாறுக்கும் பொதுத் தலைப்பாக வைக்கலாம், எனக்குச் சம்மதமே. ஆயில் சீலுக்குச் சொல் வேண்டுமா என்பதைத் தனி இழையில் பேசுவோம். என்னைக் கேட்டால் ஆயில் சீல் ஆயில் சீலாகவே இருக்கட்டும். கடையில் போய் வேறு பேர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது.