எச்டிஎம்எல் இல்லாமல் வெப்சைட்: செய்து பார்த்தவர்கள் வாருங்கள்

அரைப்புள்ளி:
வெப்அசெம்பிளி (வேறு மொழியில் எழுதிய புரோகிராமை பிரவுசருக்குள் ஓட்டும் முறை) 2017-லேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் நாலிலும் வந்துவிட்டது. இனி எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் எதற்கு, மொத்தப் பக்கத்தையும் கம்பைல் பண்ணி பைட்கோடாகவே (மனிதர் படிக்க அல்ல, பிரவுசர் ஓட்டுவதற்கான குறியீடு) அனுப்பிவிடலாமே என்று எங்கள் டீமில் ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

கேன்வாஸ்காரன்:
பட்டிருக்கிறேன். ஒரு கிளையண்டுக்கு ஃப்ளட்டரில் (ஒரே கோடில் போனுக்கும் வெப்புக்கும் ஆப் செய்யும் கூகுள் கருவி) ஆண்ட்ராய்டு ஆப் இருந்தது. அதையே வெப்புக்கும் பில்ட் பண்ணித் தரச் சொன்னார்கள். அங்கே ஃப்ளட்டர் எழுத்தை எச்டிஎம்எல்லாக வைக்காது. கேன்வாஸ்கிட் என்ற வெப்அசெம்பிளி எஞ்சின் எல்லாவற்றையும் கேன்வாஸில் (பக்கத்தில் படம் வரைவதற்கான வெற்றுப் பலகை) படமாக வரைந்துவிடும். எஞ்சின் இறங்கவே ஒன்றரை எம்பி போல ஆகும், அது கிடக்கட்டும். முதலில் திறந்ததும் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக நின்றது! போனில் தமிழ் ஃபாண்ட் இருந்தாலும் கேன்வாஸ்கிட் அதை எடுத்துக்கொள்ளாது. நோட்டோ ஃபாண்டை நெட்டிலிருந்து இழுத்து வரும்வரை கட்டம்தான். ஃபாண்டை ஆப்போடு சேர்த்துக் கொடுத்ததும் சரியாயிற்று.

அப்புறம் அடுத்த புகார். கண்ட்ரோல் எஃப் அடித்தால் கண்ணெதிரே இருக்கும் பெயர் சிக்கவில்லை. பில் நம்பரைக் காப்பி பண்ண முடியவில்லை. காப்பிக்கு ஒரு விட்ஜெட் இருக்கிறது, போட்டோம். ஸ்கிரீன் ரீடருக்காக (பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) ஃப்ளட்டர் என்ன செய்கிறது தெரியுமா? கேன்வாஸுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு எச்டிஎம்எல் அடுக்கைக் கட்டுகிறது. எதை வேண்டாம் என்றார்களோ அதையேதான்!

துருப்பிடித்தவன்:
எனக்கு நல்ல அனுபவம்தான், ஆனால் வேலை வேறு. விண்ணப்பப் பக்கம் ஒன்று, போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும். சுருக்கும் பகுதியை மட்டும் ரஸ்ட் மொழியில் எழுதி வாஸமாக்கினோம் (வாஸம் என்றால் வெப்அசெம்பிளிதான்). படம் சர்வருக்குப் போகாமல் போனிலேயே சுருங்கிவிடுகிறது. ஃபாரம் பழையபடி எச்டிஎம்எல்தான். வாஸம் தானாக டாமைத் (பிரவுசர் வைத்திருக்கும் பக்கத்தின் அமைப்பு) தொட முடியாது; ஒரு பட்டனில் எழுத்து மாற்றக்கூட நடுவில் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். வாஸம்-பைண்ட்ஜென் என்ற ரஸ்ட் கருவி அதைத் தானே எழுதிக் கொடுத்துவிடுவதால் பலர் கவனிப்பதில்லை. எழுத்தும் சும்மா கடக்காது: எழுத்தை வைக்கும் முறை ஜாவாஸ்கிரிப்டில் யுடிஎஃப்-16, ரஸ்டில் யுடிஎஃப்-8, ஒவ்வொரு முறையும் மாற்றி காப்பி பண்ணியாக வேண்டும். ஃபிக்மா டிசைன் ஆப் மாதிரி கணக்குப் போட்டு வரைகிற ஆப்புக்கு இது பொருட்டே இல்லை. செய்திப் பக்கத்துக்கு வீண் வேலை.

ஸ்கிப்இன்ட்ரோ:
ஃப்ளாஷ் (பிரவுசரில் பிளகின் போட்டு ஓட்டிய அடோபியின் அனிமேஷன் நுட்பம்) காலத்து ஆள் நான். அதன் எஸ்டபிள்யூஎஃப் ஃபைலில் இருந்ததும் பைட்கோடுதானே! நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று முழு சைட்டையும் அதில் செய்து கொடுத்தோம். ஐபோனில் அது திறந்ததே இல்லை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி கைகழுவியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஓட மறுத்தது. வெப்அசெம்பிளிக்கு பிளகின் வேண்டாம், எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் இல்லை, 2019 டிசம்பரிலேயே, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமாகிவிட்டது; அந்த வகையில் பயமில்லை. என் பழைய சைட் ஒன்றை ரஃபிளில் (பழைய ஃப்ளாஷ் ஃபைலை ஓட்டும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். ரஃபிளும் ரஸ்டில் எழுதி வெப்அசெம்பிளியாக ஓடுவதுதான். இன்ட்ரோ ஓடியது, மெனுவில் பாதி வேலை செய்யவில்லை. அரைப்புள்ளி, உங்கள் கோஷ்டி என்ன மாதிரி சைட் கட்டப் போகிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.